பெடல் அமுங்கியதா, கல்லாய் நின்றதா?

வாசகர் கேள்வி:

“நான் மன்னார்குடியில் இருக்கிறேன். என்னிடம் 2022-இல் வாங்கிய ஃபோக்ஸ்வாகன் வெர்ட்டஸ் ஜிடி இருக்கிறது. 1.5 லிட்டர் டர்போ, டிஎஸ்ஜி என்கிற ஆட்டோமேட்டிக் கியர். போன வருஷம் இன்ஜின் கம்ப்யூட்டரில் மாற்றம் செய்து பவர் கூட்டுகிற ரீமேப் செய்தேன். சென்ற மாதம் அம்மா, அக்கா, அக்கா பிள்ளைகளோடு கொல்லிமலை போய் இறங்கும்போது, பாதி வழியில் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. கருகிய வாடை வந்தது. கைப்பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து ஒருவழியாக ஓரங்கட்டினேன். அரைமணி நேரம் நின்றதும் பெடல் பழையபடி ஆகிவிட்டது. ஒரு கடையில் 330 மி.மீ. டிஸ்க்கும் நாலு பிஸ்டன் கேலிப்பரும் சேர்ந்த செட்டுக்கு 1,60,000 ரூபாய் சொல்கிறார்கள். பின்னால் இருக்கிற டிரம்மையும் டிஸ்க் ஆக்கிவிடலாம் என்கிறார்கள். அடுத்த வருஷம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்கவும் ஆசை. எந்த செட் வாங்கலாம் அண்ணா?”

பதில்:

தம்பி, பின்சீட்டில் அம்மாவையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு அந்த இறக்கத்தில் பெடல் உள்ளே போனால் வயிறு எப்படிக் கலங்கும் என்று எனக்குத் தெரியும். பதறாமல் கைப்பிரேக்கைச் சேர்த்துப் பிடித்தீர்கள், நல்ல காரியம். கும்பகோணத்தில் பிரேக் வேலை மட்டுமே பார்க்கிற பட்டறை என்னுடையது. செட் போட்டுக் கொடுத்தால் எனக்கும் வரும்படிதான். இருந்தாலும், உங்கள் வண்டிக்கு இப்போதைக்கு அது வேண்டாம் என்றே சொல்வேன்.

உங்கள் கடிதத்தில் டிஸ்க் அளவையும் விலையையும்விட எனக்கு முக்கியமாகப் பட்டது ‘பஞ்சு மாதிரி’ என்ற ஒரு சொல். சூட்டில் பிரேக் கைவிடுவது இரண்டு விதமாக நடக்கும். ஒன்றில் பெடல் கல்லாக நிற்கும், எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. சக்கரத்தோடு சுற்றுகிற டிஸ்க்கை இருபுறமும் கவ்வுகிற பேட், தாங்கும் சூட்டைத் தாண்டிவிட்டது, அதிலுள்ள பிசின் ஆவியாகி டிஸ்க்குக்கும் பேடுக்கும் நடுவே புகுந்து பிடிப்பைக் கெடுக்கிறது என்று அர்த்தம். இன்னொன்றில் பெடல் அமுங்கித் தரை வரைக்கும் போகும். அது கேலிப்பருக்குள், அதாவது பிஸ்டனால் பேடை டிஸ்க்கில் அழுத்துகிற பிடிக்குள், பிரேக் ஆயில் கொதித்ததன் அடையாளம். ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்க முடியும். நீங்கள் மிதிக்கிற மிதியெல்லாம் ஆவிக்குமிழியைச் சுருக்குவதிலேயே தீர்ந்துவிடும். ஆறினால் ஆவி திரும்பத் திரவமாகும், பெடலும் திரும்பி வரும். உங்களுக்கு நடந்தது அச்சாக இதேதான். வாடை வந்ததால் பேடும் தன் எல்லையைத் தொட்டிருக்கிறது. ஆனால் பெடலை உள்ளே அனுப்பியது ஆயில்.

ஆயிலை எப்போது மாற்றினீர்கள் என்று கடிதத்தில் ஒரு வரி கூட இல்லை. 2022 வண்டி. கம்பெனி ஊற்றிய ஆயிலே இன்னும் உள்ளே இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. ரப்பர் ஹோஸ் வழியாகவும், டப்பா மூடி வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் ஏறும். டாட் 4 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. 3.7 சதவீதம் ஈரம் ஏறிவிட்டால் அதே ஆயிலுக்கு 155 டிகிரி இருந்தால் போதும் என்று அதே விதி இறங்கிவிடுகிறது. எழுபத்தைந்து டிகிரி நம் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடுகிறது. நம் ஊரைப் பாருங்கள். ஒரு பக்கம் கடல், மற்ற பக்கமெல்லாம் தண்ணீர் நிற்கிற வயல், ஐப்பசி கார்த்திகையில் துணி காய மூன்று நாள் ஆகிறது. இந்தக் காற்றில் நிற்கிற வண்டிக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடவே கூடாது. திறந்து வைத்த பாட்டிலில் மிச்சம் இருக்கிறது என்று யாராவது ஊற்ற வந்தாலும் விடாதீர்கள், உங்கள் கண் முன்னால் சீல் உடைக்கச் சொல்லுங்கள்.

எந்த ஆயில்? உங்கள் வண்டியில் ஈஎஸ்சி, அதாவது வண்டி வழுக்கி விலகாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு, இருப்பதால் கையேட்டில் சொன்ன டாட் 4 தரத்தையே வாங்குங்கள். டாட் 5.1 என்பது அதே குடும்பம், கொதிநிலை புதிதில் 260, ஈரம் ஏறினால் 180. வெறும் டாட் 5 என்பது சிலிக்கான், அது வேறு சரக்கு, இதோடு கலக்கவே கூடாது. பெயர் ஒரே மாதிரி இருப்பதால் கடையில் மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள், டப்பாவைப் படித்துப் பாருங்கள். நாலு சக்கரத்திலும் புது ஆயில் நிறம் வரும்வரை தள்ளி ஏர் எடுக்க வேண்டும். வேலையின்போது வண்டியிலுள்ள ஆயில் டப்பா வற்றி, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ் பெட்டிக்குள் காற்று புகுந்துவிட்டால், ஸ்கேனர் வைத்து அதன் பம்பை ஓட்டித்தான் வெளியேற்ற முடியும். ஸ்கேனர் இல்லாத இடத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

சரி, மலை இறக்கத்துக்கு வருவோம். நாம் டெல்டாக்காரர்கள். மேட்டு நிலம் என்று நாம் சொல்வதே ஆற்றங்கரையைத்தான். தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் வரை போனாலும் பிரேக் சூடாக ஒரு இறக்கம் கிடையாது. அதனால் நம் பிள்ளைகளுக்கு மலையில் வண்டி இறக்குகிற பழக்கம் கையில் வருவதில்லை. இது உங்கள் குறை இல்லை, ஊரின் அமைப்பு அப்படி. ஆட்களும் சாமானும் சேர்ந்து உங்கள் வண்டி 1,500 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 கி.மீ. வேகத்திலிருந்து அதை ஒரு முறை நிறுத்தினால் பிரேக் விழுங்குகிற சக்தி ஏறக்குறைய 580 கிலோஜூல். அதே வண்டி 1,000 மீட்டர் உயரத்திலிருந்து கீழே வந்தால் கரைக்க வேண்டிய சக்தி 14,700 கிலோஜூல். அதாவது நூறு கி.மீ. வேகத்திலிருந்து இருபத்தைந்து தடவை நிறுத்தியதற்குச் சமம். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் வண்டி ஊர்கிறது, சக்கரத்துக்குக் காற்றே கிடைக்காது. அவ்வளவு சூட்டையும் எந்த டிஸ்க்காலும் வாங்கி வைத்துக்கொள்ள முடியாது, 330 என்ன, 380 போட்டாலும் முடியாது.

அந்தச் சூட்டை இன்ஜின்தான் வாங்க வேண்டும். கியரை டி-யில் விட்டால் டிஎஸ்ஜி மேல் கியருக்கு ஓடிவிடும், இன்ஜின் பிடிமானம் இருக்காது. இறக்கம் தொடங்கும் முன்பே மேனுவலுக்குத் தள்ளி இரண்டாம் கியரில் வையுங்கள். இன்ஜின் சத்தம் போடும், போடட்டும், ஆக்சிலேட்டரில் கால் இல்லாதபோது அதற்கு ஒன்றும் ஆகாது. வளைவுக்கு முன் நேர்ச் சாலையில் நன்றாக ஒரு மிதி, பிறகு காலை முழுக்க எடுத்துவிட வேண்டும். மெதுவாகத் தொட்டுக்கொண்டே வருவதுதான் பிரேக்கை வேகவைக்கும். வாடை வந்து நிறுத்தினால் கைப்பிரேக்கிலோ பெடலிலோ அழுத்திப் பிடிக்காமல், டயருக்குக் கல் வைத்து ஆறவிடுங்கள். டிஸ்க் மேல் தண்ணீர் ஊற்றுகிறவர்களை மலையடிவாரங்களில் பார்த்திருக்கிறேன். கொதிக்கிற வார்ப்பிரும்பில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

அடுத்தது டயர். பெரிய பிரேக் போட்டால் வண்டி சட்டென்று நிற்கும் என்றுதான் எல்லாரும் நம்புகிறார்கள். காலியான காய்ந்த சாலையில், பின்னால் யாரும் வராத நேரம், 60 கி.மீ. வேகத்தில் ஒரே மிதியாக மிதித்துப் பாருங்கள். காலடியில் ஏபிஎஸ் கடகடவென்று தட்டினால், டயரின் பிடிப்பைவிட அதிக பலம் உங்கள் பிரேக்கிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு மேல் பலம் கூட்டினால் ஏபிஎஸ் இன்னும் முன்னாலேயே தட்டும், நிற்கிற தூரம் குறையாது. நல்ல காய்ந்த ரோட்டில் பிடிப்பு 0.8 என்று வைத்தால் நூறு கி.மீ. வேகத்திலிருந்து நிற்க 49 மீட்டர் வேண்டும். அதுவே 0.5-க்கு இறங்கினால் 79 மீட்டர். இந்த முப்பது மீட்டரை எந்தக் கேலிப்பராலும் திருப்பித் தர முடியாது.

நம் ரோடுகள் எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தை மாதம் அறுவடை மெஷின் வயலிலிருந்து ஏறி இறங்குகிற இடமெல்லாம் தாரின் மேல் களிமண் பூசியிருக்கும், ஒரு பனி விழுந்தால் சோப்புக் கட்டி. பாதி ரோட்டில் நெல் காயும். அந்த மணிகள் மேல் டயர் ஏறினால் உருண்டுதான் போகும். வடுவூர் வழியாகத் தஞ்சாவூர் போகும்போது விளக்கில்லாத டிராக்டர் டிரெய்லர் எத்தனை! இதற்கெல்லாம் விடை டயரும், ரீமேப் கொடுத்த வேகத்தை இங்கே எடுக்காமல் இருப்பதும்தான். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 1822 என்றால் 2022-ஆம் வருஷத்தின் பதினெட்டாம் வாரம் செய்தது. வண்டியோடு வந்த டயரே இன்னும் இருந்தால், உங்கள் பட்ஜெட்டில் முதல் பெரிய செலவு நாலு நல்ல டயராக இருக்கட்டும்.

பேட் பற்றி. இப்போது போட்டிருப்பது ஒரு முறை வெந்துவிட்டது, மாற்றிவிடுங்கள். ஆனால் ‘ரேஸ் பேட்’ என்று எழுதியதை வாங்காதீர்கள். அது சூடேறிய பிறகுதான் கடிக்கும். நம் சமவெளி ரோட்டில் அது ஒரு நாளும் சூடேறாது. காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பி முதல் முனையில் ஒரு பிள்ளை சைக்கிளில் குறுக்கே வந்தால் அந்தப் பேட் வழுக்கும். குளிரிலேயே கடித்து, மலையையும் தாங்குகிற தெருப் பேட்களே உங்களுக்குச் சரி. பேடின் பின்தகட்டில் எஃப்எஃப், ஜிஎஃப் என்று இரண்டு எழுத்து அடித்திருக்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு, இரண்டாவது கடுஞ்சூட்டில். எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. இரண்டாவது எழுத்து முதலெழுத்தைவிட ரொம்பக் கீழே இறங்கியிருந்தால் அந்தப் பேடுக்கு மலை ஆகாது. புதுப் பேட் போட்டதும் விடியற்காலையில் பைபாஸ் பக்கம் போய், 80-லிருந்து 20-க்கு பத்துத் தடவை, நடுவில் நிற்காமல் நிதானமாகக் குறைத்து, பிறகு பிரேக்கைத் தொடாமல் சில கி.மீ. ஓட்டி ஆறவிடுங்கள். பேட் டிஸ்க்கில் சமமாகப் படியும். இதைச் செய்யாமல் விட்டு, நடுக்கம் வந்ததும் டிஸ்க் வளைந்துவிட்டது என்று லேத்துக்கு எடுத்துப் போகிறவர்கள் நிறைய. பெரும்பாலும் டிஸ்க் வளைந்திருக்காது, பேட் மேடும் பள்ளமுமாக ஒட்டியிருக்கும்.

இப்போது டிராக். அங்கே கணக்கு மாறும், பெரிய டிஸ்க்குக்கு நியாயமான காரணம் அங்கேதான் பிறக்கிறது. இருங்காட்டுக்கோட்டைச் சுற்று 3.7 கி.மீ. நீங்கள் தனியாக, வண்டி 1,350 கிலோ. 160-இல் வந்து வளைவுக்கு 70 ஆக இறக்குகிற ஒரே மிதிக்கு ஏறக்குறைய 1,080 கிலோஜூல். அதில் முக்கால் பங்கு முன் டிஸ்க்குக்கு என்று வைப்போம். டிஸ்க் ஒவ்வொன்றும் 6 கிலோ என்றால் அந்த ஒரு மிதியில் சூடு 146 டிகிரி ஏறும். 9 கிலோ என்றால் 98. சுற்றுக்குச் சுற்று இது சேர்ந்துகொண்டே போகும். பெரிய டிஸ்க் என்பது சூட்டைத் தாங்குகிற பெரிய அண்டா. அதற்குத்தான் காசு கொடுக்கிறோம், சீக்கிரம் நிற்பதற்கு அல்ல. முதல் முறை டிராக் போகும்போது இருக்கிற பிரேக்கோடு, நல்ல பேடும் மோட்டுல் ஆர்பிஎஃப் 600 மாதிரி 312 டிகிரி வரை கொதிக்காத ஆயிலும் போட்டு, நாலைந்து சுற்றுக்கு ஒரு முறை ஆறவிட்டு ஓட்டுங்கள். அதிலும் பிரேக் தளர்ந்தால் அப்போது செட் வாங்குவதில் அர்த்தம் உண்டு.

அந்த நாள் வந்தால் 330-ஐ நான் பரிந்துரைக்க மாட்டேன். டிஸ்க் பெரிதாகப் பெரிதாக முன்பக்கத்துக்குக் கிடைக்கிற நெம்பு பலம் கூடும். 280-லிருந்து 330-க்குப் போனால் அதே ஆயில் அழுத்தத்தில் முன் பிரேக் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பலமாகிறது, பின் பிரேக் இருந்த இடத்திலேயே இருக்கிறது. முன் டயர் சீக்கிரம் எல்லையைத் தொடும், ஏபிஎஸ் தட்டும், பின் டயருக்குத் தர வேண்டிய வேலை வராமலே போகும். ஏர் பூட்டிய இரட்டை மாட்டில் ஒன்றை மட்டும் தார்க்குச்சியால் குத்துகிற மாதிரி. கேலிப்பர் பிஸ்டன் பரப்பையும் பாருங்கள். நாலு பிஸ்டன் என்பது எண்ணிக்கைதான். இப்போதிருக்கிற, ஒரு பக்கம் மட்டும் பிஸ்டன் உள்ள நகரும் கேலிப்பரில் பிஸ்டன் 57 மி.மீ. என்று வைத்தால் அதன் பரப்பு 2,550 சதுர மி.மீ. நாலு பிஸ்டன் கேலிப்பரில் ஒரு பக்கத்து இரண்டை மட்டும் கூட்ட வேண்டும். 38-ம் 42-ம் சேர்ந்தால் 2,520, கிட்டத்தட்ட அதேதான், நல்ல பொருத்தம். இரண்டும் 44 என்றால் 3,040. அவ்வளவையும் தள்ள, பெடல் அழுத்துகிற மாஸ்டர் சிலிண்டர் கூடுதல் ஆயில் கொடுக்க வேண்டும், பெடல் ஆழமாகப் போகும். விற்பவரிடம் பிஸ்டன் அளவைக் கேளுங்கள். சொல்லத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம்.

என் கணக்கில் உங்கள் எடைக்கு 312 மி.மீ. அளவு, இப்போதைய பரப்புக்கு நெருங்கிய கேலிப்பர், அது போதும். 330 பெரும்பாலும் 17 அங்குல வீல் கேட்கும், உங்கள் 16-ஐயும் மாற்ற வேண்டிவரும். வாங்கும் முன் கம்பெனி தருகிற அளவு வரைபடத்தை அட்டையில் வெட்டி, வீலுக்குள் வைத்துப் பாருங்கள். கம்பிகளுக்கும் கேலிப்பருக்கும் நடுவே குறைந்தது 3 மி.மீ. இடைவெளி வேண்டும். உள்விளிம்பில் ஒட்டியிருக்கிற பேலன்ஸ் எடைகள் உரசுமா என்றும், ஸ்டெப்னி மாட்டுமா என்றும் பாருங்கள். ஸ்டெப்னி மாட்டாமல் இரவில் திருத்துறைப்பூண்டி ரோட்டில் நின்ற ஒருவருக்கு நான் போய் உதவியிருக்கிறேன்.

நம் ஊருக்கென்று இன்னொன்று. ரேஸுக்காகச் செய்த பல கேலிப்பர்களில் பிஸ்டனைச் சுற்றித் தூசி ரப்பர் இருக்காது. நம் களிமண்ணும் அறுவடைத் தூசியும் வேளாங்கண்ணிப் பக்கத்து உப்புக் காற்றும் அந்தப் பிஸ்டனைச் சீக்கிரம் இறுக்கிவிடும். தூசி ரப்பர் உள்ளதா என்பது என் முதல் கேள்வியாக இருக்கும். டிஸ்க்கில் துளை போட்டது வேண்டாம், கடும் சூட்டில் துளையின் ஓரத்திலிருந்துதான் விரிசல் ஓடும். கோடு வெட்டியது போதும். மழையில் பேடிலிருந்து தண்ணீரை வழித்தெடுக்கவும் அது உதவும்.

போலிச் சரக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சில வருஷம் முன்பு ஒரு பையன் இணையத்தில் வாங்கிய சிவப்புக் கேலிப்பரோடு வந்தான். பிரபலமான இத்தாலியக் கம்பெனியின் பெயர் அழகாக அச்சடித்திருந்தது. வார்ப்பில் எண் இல்லை. மாட்டுவதற்கான பிராக்கெட்டைச் சாதா இரும்புத் தகட்டில் யாரோ வெட்டியிருந்தார்கள், ஒரு போல்ட் துளையின் ஓரத்தில் முடி அளவு விரிசல் விழுந்திருந்தது. அதைப் போட்டுக்கொண்டு அவன் நாலு மாதம் குடும்பத்தை ஏற்றிப் போயிருக்கிறான். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. பெயருக்காக ஏங்க வேண்டியதில்லை தம்பி. சென்னை பாடியில் 1962-இலிருந்து பிரேக் செய்கிறார்கள். நம் கைக்கெட்டும் தூரத்தில் நல்ல பேடும் ஆயிலும் பில்லோடு கிடைக்கிறது.

பின் டிரம்மைத் தொடாதீர்கள். வண்டி நிற்கும்போது எடை முன்னால் சாய்வதால் பின்னுக்கு வேலை குறைவு. ஏபிஎஸ்ஸும் அந்த டிரம்முக்கு ஏற்றுத்தான் அளவு போட்டிருக்கிறது. வெள்ளத் தண்ணீரில் இறங்கி வந்தால் மட்டும் கழற்றிச் சுத்தம் செய்து, கட்டைகளைப் பார்த்து, கைப்பிரேக்கைச் சரிபாருங்கள்.

சட்டம்: மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, பதிவுச் சான்றிலுள்ள கம்பெனி விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-இல் சேர்த்த 182ஏ பிரிவில், அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ உண்டு. அதே தரப் பேடும் ஆயிலும் மாற்றுவதில் சிக்கல் இல்லை. கேலிப்பர் மாற்றுவதானால் முதலில் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டு, இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். ரீமேப்பையும் சேர்த்துத்தான்.

ஆக இந்த வாரம் வண்டியை எடுத்துப்போய் ஆயிலும் முன் பேடும் மாற்றுங்கள். சூடேறியதால் கேலிப்பர் ரப்பர்கள் வெந்திருக்கிறதா, வழிகாட்டி ஊசிகள் நகர்கிறதா, டிஸ்க்கின் தடிமன் அதன் ஓரத்தில் அடித்திருக்கிற குறைந்தபட்ச அளவுக்கு மேல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அது முடியும்வரை அம்மாவை ஏற்றிக்கொண்டு எந்த மலைக்கும் போக வேண்டாம். கழற்றிய பேட்களைத் தூக்கி எறியாதீர்கள். நாலையும் வரிசையாக வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். ஓரம் வெளுத்திருக்கிறதா, முகம் கண்ணாடி மாதிரி பளபளக்கிறதா, உள்பேடும் வெளிப்பேடும் ஒரே அளவு தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். பிடித்து வைத்த பழைய ஆயிலையும் பக்கத்தில் ஒரு கண்ணாடி டம்ளரில் வையுங்கள்.